லூர்துராஜின் திரை

"இதை யாருங்க சார் செஞ்சது?" வெற்றிச்செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கம்ப்யூட்டர் திரை முழுக்கக் கட்டங்கள். கட்டத்துக்குள் கட்டம், ஏழெட்டு நிறம், எறும்பு சைஸ் எழுத்து. எந்த நோயாளி மாத்திரை வாங்க வரவில்லை என்று காட்ட வேண்டிய திரை அது. பார்த்தவர்களுக்குத் தலைதான் சுற்றியது.

"நம்ம லூர்துராஜ்தான்" என்றார் டாக்டர் அரவிந்தன். "நான் இதுல எதையும் தேடறதே இல்லைம்மா. அவர்கிட்டயே கேட்டுக்குவேன்."

பக்கத்து மேஜையில் இருந்த லூர்துராஜ் தலை நிமிரவில்லை.

ஓகோ, தன்னைக் கேட்காமல் இங்கே எதுவும் நடக்கக் கூடாது என்று செய்த வேலையா என்று நினைத்துக்கொண்டாள் வெற்றிச்செல்வி.

"வரதராசன்பேட்டை திருவிழா நோட்டீஸ்கூட இவர்தான் அடிப்பார். அவ்வளவு லட்சணமா இருக்கும். இதை மட்டும் ஏன் இப்படிச் சொதப்புனாரோ" என்றார் டாக்டர்.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டத்துக்குத் தினமும் பஸ்ஸில் வந்துபோகும் வெற்றிச்செல்விக்கு இதுதான் முதல் வேலை. அவள் செய்த புதுத் திரை ஆஸ்பத்திரியை நடத்தும் டிரஸ்ட்டுக்குப் பிடித்துவிட்டால், அவர்களின் எல்லா ஆஸ்பத்திரிக்கும் அவள்தான் செய்து கொடுப்பாள். வேலையும் நிரந்தரம்.

பட்டனைத் தட்டினாள். வெள்ளைப் பின்னணி. பெரிய எழுத்தில் பெயர், ஊர், நோய், எவ்வளவு நாளாக வரவில்லை. அவ்வளவுதான்.

"அடேங்கப்பா, கண்ணாடி போடாமலே தெரியுதே" என்று டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். நர்ஸ் டெய்சி கை தட்டினாள்.

லூர்துராஜ் எழுந்து வந்தார். "நல்லாருக்கும்மா. ஆனா ஹால்ல இருக்கிற டிவிக்குப் பழசே இருக்கட்டுமே. அது வந்து..."

"விடுங்க லூர்து" என்றார் டாக்டர். "ஹால்ல பேரோட போடணும்னு டிரஸ்ட் உத்தரவே இருக்கு. வராதவங்க பார்த்துட்டு வரட்டுமே. சின்னப் பொண்ணு நல்லா செஞ்சா பாராட்டுங்க."

வயிற்றெரிச்சல் என்று வெற்றிச்செல்வி முடிவே கட்டிவிட்டாள்.

நோயாளிகள் காத்திருக்கும் ஹால் டிவியிலும் புதுத் திரையைப் போட்டுவிட்டு, பார்க்க ஓடினாள். இத்தனை நாளும் ஒருவரும் திரும்பிப் பார்க்காத டிவியை இன்று அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்கு அனுப்ப செல்போனில் படம் பிடித்தாள்.

"மீன்சுருட்டி ஜோதி. காசநோய். பத்து நாளா வரலை" என்று ஒருவர் சத்தமாகப் படித்தார்.

"நம்ம ரத்தினம்மா மவளா?" என்றாள் பக்கத்தில் இருந்த அம்மாள். "தை மாசம் கல்யாணம் வச்சிருக்காங்களே. மாப்ள வூட்டுக்கு இது தெரியுமா?"

மருந்து வரிசையில் நின்ற ஒரு பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். மாத்திரைச் சீட்டு கையிலேயே இருந்தது.

வெற்றிச்செல்வி படம் பிடித்த செல்போனைக் கீழே இறக்கினாள்.

சட்டென்று டிவி அணைந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு லூர்துராஜ் அந்தப் பெண் பின்னால் ஓடினார். கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"பஸ் ஸ்டாப்புல பிடிச்சுட்டேன். அழுதுகிட்டு நின்னுச்சு. பின்வாசல் வழியா கூட்டியாந்து டெய்சிகிட்ட விட்டிருக்கேன்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றாள் வெற்றிச்செல்வி.

"சொல்ல விட்டாத்தானேம்மா. பேரு போட வேணாம்னு டிரஸ்ட்டுலயும் எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். போட்டே ஆகணும்னுட்டாங்க."

அவள் அவரையே பார்த்தாள். திருவிழா நோட்டீஸை லட்சணமாக அடிக்கும் மனிதர்.

டாக்டர் வேகமாக வந்தார். "என்னம்மா, டிவியை நிறுத்திட்டீங்க? சாயந்திரம் டிரஸ்ட்லேந்து பார்க்க வராங்க. உன் வேலை விஷயமே அதுலதான் இருக்கு."

"புதுசு உங்க ரூமோட இருக்கட்டும் சார். ஹாலுக்குப் பழசையே போட்டுருங்க. அவங்க வந்தாலும் இதைத்தான் சொல்லுவேன்."

"பழசா? அதுல யாருக்கும் ஒண்ணுமே புரியாதேம்மா."

"புரியக் கூடாதுன்னுதான் சார், லூர்து அண்ணன் அவ்வளவு மெனக்கெட்டிருக்காரு."