ஆக்டிங் டிரைவர்

மலைக்கிராமமான கவுஞ்சியில், வீட்டு வாசலில் ஜீப்புக்குப் புது பவர் ஸ்டியரிங் பம்பை மாட்டி முடித்த கந்தவேலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூண்டு மூட்டை வெரசா வடுகபட்டிச் சந்தைக்குப் போகணும்.

“ஏறி உக்காந்து ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பு, குழாய்ல இருக்குற காத்து போகட்டும். கியர்ல கை வச்சுறாத!” என்று மனைவி முருகேஸ்வரியை விரட்டினான்.

அவள் திருப்பினாள்.

“நான் பழனிக்குப் பாதயாத்திரை போனப்ப ஆக்டிங் டிரைவர் வச்சதாச் சொன்னியே, அவன் யாரு? பம்ப் செத்த வண்டிய, கல்லு மாதிரி ஸ்டியரிங்கோட மலையெறக்கி இருக்கானே!”

“திட்டுறதுக்கா கேக்குறீங்க?”

“ச்சே, கில்லாடி அவன்! எனக்குக் கால் கொப்புளம் இன்னும் ஆறல. இன்னைக்கும் அவனையே வரச்சொல்லு.”

முருகேஸ்வரி இறங்கவில்லை. கண்ணாடியைத் தன் பார்வைக்குத் திருப்பிக்கொண்டாள்.

“அப்ப நீங்க அந்தப் பக்கமா ஏறுங்க.”