படுக்கும் முன் கழற்றவும்

வங்கியில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணின் தலையிலிருந்து இணைப்பு முடியைக் கழற்றிய பார்லர் அக்கா, காதோரத்தைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே விரலகலத்துக்கு முடியே இல்லை.

“கிளிப்பை தினமும் ஒரே இடத்துல மாட்டாதீங்க, வேர் தாங்காது. முக்கியமா, படுக்கறதுக்கு முன்னாடி கழட்டிடுங்க.”

“கழட்டினா வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிடும் அக்கா. மூணு வருஷமா இது என் சொந்த முடின்னுதான் நம்பிட்டிருக்கார்.”

“இப்படியே போனா சொந்த முடி மிஞ்சாது.”

“போனா போகட்டும். தெரிஞ்சா அவர் மனசு ஒடிஞ்சு போயிடும்.”

அக்கா சீப்பைக் கீழே வைத்தாள்.

“வந்ததைச் சொல்லக் கூடாதுன்னுதான் உங்க வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டாரு. போன வாரம் அவரே இங்க வந்தாரு.”

“எதுக்கு?”

“‘அவ கழட்டி வைக்கட்டும்னு தினமும் எட்டரை மணிக்கே குறட்டை விட்டு நடிக்கிறேன். அப்பவும் கழட்ட மாட்டேங்கறா. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க’ன்னாரு.”