பதில் இல்லாத படம்

பேருந்து நிலையப் பள்ளத்தைப் பற்றி வாரப்பத்திரிகையில் மங்கையர்க்கரசி பதினொரு தலையங்கம் எழுதிவிட்டாள். பள்ளம் பெரிதானதுதான் மிச்சம். பன்னிரண்டாவது வாரம், அந்தப் பள்ளத்தில் நகராட்சித் தலைவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பதாகக் கேலிச்சித்திரம் வரைந்தார் பத்திரிகையின் ஓவியர் சவரிராஜ். மறுநாளே தலைவர் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்துவிட்டார். சண்டைக்குத்தான் என்று மங்கையர்க்கரசி எழுந்து நின்றாள்.

"உங்க தலையங்கத்துக்கெல்லாம் பதில் வச்சிருந்தேம்மா. இதுக்கு என்னத்தச் சொல்ல? 'இன்னைக்கு என்ன மீனு'ன்னு வீட்டுக்காரி சிரிக்கிறா. நாளைக்கே ஜல்லி கொட்டிடறேன்" என்றார். பிறகு சவரிராஜிடம் குரலைத் தாழ்த்தி, "அந்தப் படத்தை எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டார்.

அவர் போனதும் மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாற்காலியைச் சவரிராஜின் மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அடுத்தது குடிதண்ணித் தொட்டி. அவரை எங்க உக்கார வைக்கலாம், சொல்லுங்க?"