ஒரே ஒரு வெற்றி

"மண்டலப் போட்டியில ஒரு ஆட்டமாவது ஜெயிக்கணும். இல்லேன்னா நிர்வாகம் டீமையே கலைச்சிடும்," என்றார் முதல்வர்.

தண்டலம் கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த கால்பந்துப் பயிற்சியாளர் சாலமோன் யோசித்துச் சொன்னார். "கோப்பையெல்லாம் கேக்காதீங்க சார். அந்த ஒண்ண எதிர்பார்க்கலாம்."

முதலில் பக்கத்துத் தொழிற்சாலை அணியோடு ஒரு பயிற்சி ஆட்டம் வைத்தார். "தோத்தாலும் பரவால்லப்பா, பயப்படாம ஆடுங்க," என்று பையன்களைத் தட்டிக்கொடுத்தார்.

அன்று அவர்கள் பேய் பிடித்தவர்கள்போல் ஓடினார்கள். முழங்கால் கிழிந்து ரத்தம் வழிந்தும் கேப்டன் கன்னியப்பன் வெளியே வரவில்லை. மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். தாம் சொன்ன வார்த்தைதான் அவர்கள் பயத்தைப் போக்கியது என்று சாலமோன் பூரித்துப்போனார். முதல்வரிடம் ஓடினார். "கோப்பையே வரும் சார்!"

திங்கட்கிழமை மைதானத்துக்கு ஒருவரும் வரவில்லை. தேடிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்தவர் எதிரில் அந்தத் தொழிற்சாலையின் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம், புதுக் காக்கிச் சட்டையில் கன்னியப்பன்.

"என்னடா இது கோலம்?"

"அந்த மேட்ச்ல ஜெயிச்சா பதினோரு பேருக்கும் வேலைன்னு கம்பெனி மேனேஜர் முன்னாடியே சொல்ட்டாரு சார். அவுங்க டீமுல எல்லாருக்கும் வயசாயிடுச்சாம். படிச்சு முடிச்சாலும் இதே கேட்டுலதான சார் வந்து நிக்கணும்?"

சாலமோன் பஸ்ஸின் மற்ற ஜன்னல்களைப் பார்த்தார்; எல்லாவற்றிலும் காக்கிச் சட்டையில் அவருடைய பையன்கள்.

"ஞாயித்துக்கெழம மண்டலப் போட்டியில கம்பெனி டீமுக்காக எங்க மொத மேட்ச் கீது சார்," என்றான் கன்னியப்பன், அவர் முகத்தைப் பார்க்காமல். "நம்ம காலேஜோடதான்."