பெடலின் மறுபாதி

கடையில் வரிசையாக நின்ற உடற்பயிற்சி சைக்கிள்களில் மூன்றாவதில் ஏறி உட்கார்ந்தாள் கலைமதி. முட்டி வலிக்கு வீட்டிலேயே மிதிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். “இப்ப மேடு ஏறுற மாதிரி இருக்கும் பாருங்க மேடம்” என்று சேல்ஸ்மேன் ஒரு குமிழைத் திருகினான். மிதி கனத்தது. அவளையறியாமல் இரண்டு பாதங்களும் பெடலின் உள்ளோரத்துக்கு நகர்ந்து ஒட்டிக்கொண்டன. சின்ன வயதில் அவள் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகிற வழியில் ரயில்வே பாலத்து ஏற்றம் வந்தால், கேரியரில் இருக்கும் பூங்கோதை அக்கா “ஒதுக்கி வைடி” என்று தன் கால்களையும் நீட்டி அதே பெடலில் வைப்பாள். நாலு காலும் சேர்ந்து மிதித்தால் பாலம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இறக்கத்தில் காலை எடுத்துக்கொண்டு, ஏறினது முழுக்கத் தன் பலத்தில்தான் என்று சாதிப்பாள் அக்கா. அவள் கண்மூடும் வரை அந்த வழக்கு தீரவேயில்லை.

“காலை முழுசா வைங்க மேடம், பாதி பெடல் சும்மா கிடக்கு.”

கலைமதி குனிந்து பார்த்தாள். காலை நகர்த்தவில்லை. “இதைவிட அகலமான பெடல் எதுலயாவது இருக்கா?”

“ஒரு காலுக்கு இதுவே தாராளம் மேடம்” என்றான் அவன்.