வயரை வெட்டியவன்

மதுசூதனன் டிரில்லின் வயரை அடியோடு வெட்டி எடுத்தான்.

பிளேன்டீக் கோப்பையோடு வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கு வந்த தர்ஷனா, அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த மெசினுங்க."

"பேட்டரியில ஓட்டப் போறேன்."

மனைவிக்கு மட்டுமல்ல, லயத்து வரிசை வீடுகளில் கேட்ட எல்லோருக்கும் அவன் சொன்னது இவ்வளவுதான். கரண்ட் இல்லாத இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போய் வேலை செய்யப் போகிறான் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

அவனுக்கு வெளிவேலை எதுவும் இருக்கவில்லை.

கையில் இருந்தது பிள்ளைக்காம்பரா வேலை. பெண்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பிள்ளைகள் குளிர்ந்த சிமெந்துத் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அவனுடைய மகளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். சின்ன நாற்காலிகள் செய்து தருவதாக அவனே போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

பைன் பலகைகளை அறுத்து இஸ்தோப்பில் அடுக்கியாயிற்று. துளை போட்டு ஸ்குரூ முறுக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் ஒரு நாள் டிரில்லைக் கீழே வைத்தான். பிறகு கரண்டில் அதை ஓட்டவே இல்லை.

ஹட்டனில் ஒரு கடைக்காரர் குப்பையில் போட வைத்திருந்த பேட்டரி டிரில்லைக் கேட்டு வாங்கி வந்தான். அதன் பல்சக்கரம் தேய்ந்து போயிருந்தது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மோட்டாரையும் சுவிட்சையும் தன் டிரில்லுக்குள் வைத்தால் முடிந்தது என்று நினைத்தான்.

முடியவில்லை. மோட்டாரின் அச்சு அவனுடைய டிரில்லின் பல்லோடு சேரவில்லை. மறுபடியும் பஸ் ஏறிப் போய், லேத் பட்டறையில் பொருத்தமாக ஒன்றைக் கடைந்து வாங்கி வந்தான்.

சேர்ந்தது. சும்மா பிடித்தால் நன்றாகச் சுற்றியது. மரத்தில் வைத்ததும் நின்றுவிட்டது. அவன் சேர்த்துக் கட்டியிருந்த பழைய லேப்டாப் பேட்டரிகளுக்கு அவ்வளவு தெம்பு இல்லை.

தேயிலைக்கு மருந்தடிக்கும் பழைய மெசின் ஒன்றின் பேட்டரியை எடுத்துப் பூட்டினான். இந்த முறை வயர் சூடாகி உருகியது. விரல் வெந்துபோனது.

தர்ஷனா விரலில் பற்பசை தடவிவிட்டாள்.

"அந்த பேட்டரிக்கும் கரண்டுலதானே சார்ஜ் போடணும்? அப்புறம் எதுக்குங்க இந்தப் பாடு?"

"அது கரண்டை மெல்ல மெல்லத்தான் இழுக்கும்."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்க வைக்க அவனும் முயலவில்லை.

சொன்னால் அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

இஸ்தோப்பை இரண்டாக மறித்துத் தகரம் ஒன்று நின்றது. அந்தப் பக்கம் வீரபத்திரன் கங்காணி குடியிருக்கும் காம்பரா. லயத்துக்குப் பின்னால் மதுசூதனன் பட்டறைக்கென்று ஒரு கொட்டகை போட்டிருந்தான். அனுமதி இல்லாமல் கட்டியிருக்கிறான் என்று தோட்டத்து ஆபீசில் போய்ச் சொன்னது கங்காணிதான். ஒரே காலையில் ஆபீஸ் ஆட்கள் வந்து கொட்டகையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பிரித்த தகரத்தில் ஒன்றைத்தான் தர்ஷனா கொண்டுவந்து நடுவில் நிறுத்தினாள். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. வாசல் கூட்டும்போதுகூட அவள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

ஒரு நாள் பின்னேரம் மூடுபனி இறங்கியிருந்தது. லயத்தில் எல்லா லைட்டுகளும் எரிந்தன.

பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய தடித்த வயரை மதுசூதனன் பூட்டி முடித்தான். பேட்டரியைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டான். பலகையில் வைத்து அழுத்தினான்.

டிரில் உறுமிக்கொண்டு இறங்கியது. மரத்தூள் சுருள் சுருளாக வெளியே வந்தது. நிறுத்தாமல் மறுபக்கம்வரை விட்டான்.

"லைட்டு மங்கவே இல்லைங்க," என்றாள் தர்ஷனா.

முன்பெல்லாம் அவன் டிரில்லைப் போட்டால் லயம் முழுவதும் மங்கும்.

அவன் பேசாமல் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். தகரத்தின் மேல் காதை வைத்தான்.

அந்தப் பக்கம் ஒரு மெசின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இடையில் நிற்கவில்லை.

மழை தொடங்கிய நாட்களில்தான் வீரபத்திரனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தார்கள். கூடவே ஒக்சிஜன் மெசின் ஒன்றும் வந்தது. அது இல்லாமல் அவரால் படுக்கவும் முடியாது. லயம் முழுவதுக்கும் வருவதோ ஒரே கரண்ட் லைன். மதுசூதனன் டிரில்லை அழுத்தினால் அங்கே மெசின் கீச்சிட்டு நின்றுவிடும். கங்காணியின் மனைவி சீதாலெட்சுமி செருப்புத் தேய அடுப்படியிலிருந்து ஓடுவாள். பிறகு இருமல் கேட்கும். நீண்ட இருமல்.

யாராவது வந்து சத்தம் போடுவார்கள் என்று அவன் காத்திருந்தான். வந்தால் பதிலுக்குக் கேட்க அவனிடம் நிறைய இருந்தது.

யாரும் வரவில்லை. நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தைகூட அங்கிருந்து வரவில்லை.

தர்ஷனாவும் இப்போது தகரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அந்த மூச்சுச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இந்த மனுசனுக்காகவாங்க?"

அவன் டிரில்லைத் தூக்கி மறுபடியும் அழுத்தினான்.

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

பாதியில் நின்றது.

டிரில் ஓடிக்கொண்டே இருந்தது. மெசினும் ஓடிக்கொண்டே இருந்தது. சீதாலெட்சுமி நின்ற இடத்திலேயே வெகுநேரம் நின்றிருக்க வேண்டும்.

பிறகு செருப்புச் சத்தம் மெதுவாக அடுப்படிக்குத் திரும்பிப் போனது.

மதுசூதனன் அடுத்த நாற்காலியின் காலை எடுத்தான். தர்ஷனா குனிந்து அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.