ஒன்பதாவது குழி

2024 நவம்பர் 9, சனிக்கிழமை. விடியலில் பெய்த தூறல் நின்றுவிட்டது. ஆயினும் போடிமெட்டுச் சரிவெங்கும் மூடுபனி கவிந்திருந்தது. குரங்கணிப் பக்கமிருந்து ஈரக்காற்று விட்டுவிட்டு வீசியது.

இன்னும் ஒரே அடிதான் என்று லிங்கேஸ்வரன் தனக்குள் சொல்லிக்கொண்டான். பனியில் நனைந்த கோல்ஃப் மட்டையின் பிடியைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

அவன் நின்ற மேட்டுக்கும் ஒன்பதாவது குழிக்கும் இடையே செங்குத்தான பள்ளம். அதன் அடியில் ஓடை. எதிர்ச்சரிவில், ஏலச்செடிகளின் நடுவே, ஒரு களத்தின் அளவே உள்ள புல்தரையில் சிவப்புக் கொடி நடப்பட்டிருந்தது. கொடிக்குப் பின்னால் சுவரைப் போன்ற கரும்பாறை ஒன்று உண்டு. அன்று அதைப் பனி முற்றிலும் மறைத்திருந்தது.

வெள்ளைக்காரத் துரைமார் மலையைச் செதுக்கி அமைத்த அந்தக் கோல்ஃப் திடல், இப்போது போடியில் ஏலக்காய் வணிகம் செய்யும் எட்வர்டின் எஸ்டேட்டுக்குள் இருந்தது. குத்தகை முடியும் நாளில் குத்தகைக்காரர் முதலாளியோடு ஒன்பது குழியும் ஆட வேண்டும். குறைந்த அடிகளில் பந்தைக் குழிகளில் போடுபவருக்கே வெற்றி. ஆட்டம் முடிந்த பின்னரே புதிய பத்திரத்தில் கையெழுத்து. அது எட்வர்டின் தாத்தா காலத்து வழக்கம். இதுவரை எட்வர்டை வென்றவர், மேற்குச் சரிவைக் குத்தகைக்கு எடுத்திருந்த வெள்ளைத்துரை என்பவர் ஒருவரே. அவர் இப்போது மலையிறங்கித் தேவாரம் ஊரில் தக்காளி பயிரிடுகிறார்.

லிங்கேஸ்வரனின் மூன்றாண்டுக் குத்தகை அன்றோடு முடிந்தது. அவனும் மனைவி அனுசியாவும் தம் கையால் நட்டு வளர்த்த செடிகள் அந்த ஆண்டுதான் முதன்முதலாகக் காய்த்திருந்தன. பத்திரம் கைநழுவினால், அந்தச் செடிகளில் வேறொருவன் காய் எடுப்பான்.

ஆகவே, இரண்டு மாதங்களாக நாள்தோறும் விடிந்ததும் அவன் இதே மேட்டில் நின்று பழகினான். பத்துப் பந்து அடித்தால் எட்டு, கரும்பாறையில் ‘டக்’கென்று மோதித் திரும்பி, புல்தரையைத் தாண்டி ஓடைக்குள் விழும். காய் எடுக்கும் பெண்களின் கங்காணியான சோலையம்மாள் அவற்றைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு வருவாள்.

“அப்பு, இந்த வருசம் ஏலக்காயவிட ஒம் பந்துதான் நல்லா வெளஞ்சிருக்கு” என்று அவள் கேலி பேசும்போது, அவன் சிரித்தபடி வாங்கிக்கொள்வான். மறுநாளும் பாறைதான்.

அன்று காலை அவன் புறப்படும்போது அனுசியா வாசல்வரை வந்தாள். பழகியபடியே அடிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

எட்வர்டோ, முதல் குழியிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “விட்டுக்குடுத்து ஆடுறவனுக்கு என் தோட்டத்துல எடமில்ல, லிங்கேஸ்வரா. முழு மூச்சா ஆடணும், தெரியுதா?”

ஏழாவது குழியில் அவன் பந்து யானையின் காலடித் தடத்துக்குள் விழுந்தது. அவ்வாறு விழுந்த பந்தை வெளியே எடுத்து வைத்து அடிக்கலாம் என்பது அத்திடலுக்கே உரிய விதி. அவனோ சேற்றில் கிடந்தபடியே அடித்து ஓர் அடியை வீணாக்கினான். எட்வர்டு மெச்சித் தலையசைத்தார்.

எட்டுக் குழிகளின் முடிவில் இருவரும் சமநிலையில் இருந்தனர். ஒன்பதாவதில் எட்வர்டு முதலில் அடித்தார். பந்து கொடியிலிருந்து பத்தடி தள்ளி நின்றது. அடுத்த நிமிடமே பனி மேலும் இறங்கி, கொடியின் நுனியை மட்டும் விட்டுவைத்தது. பனி விலகும்வரை காத்திருக்கலாமா என்று அவர் கேட்டார்.

“வேண்டாம் மொதலாளி. எனக்கு அந்த எடம் பாடம்.”

மட்டையை ஓங்கி அடித்தான். பந்து பனிக்குள் புகுந்து மறைந்தது. பாறையின் ஓசைக்காக அவன் மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றான்.

‘டக்’ என்ற ஓசை வரவில்லை. மூட்டையில் குத்தியதைப் போல் மங்கலாக ஏதோ கேட்டது, பிறகு ஒன்றுமில்லை. அவன் முகம் வெளிறியது.

இருவரும் மரப்பாலத்தைக் கடந்து எதிர்ச்சரிவில் ஏறினார்கள். புல்தரையில் எட்வர்டின் பந்து மட்டுமே கிடந்தது. லிங்கேஸ்வரன் ஓடைக்கரைக்கு விரைந்து, தண்ணீருக்குள் உற்றுப் பார்த்தான். எட்வர்டு கொடியைப் பிடுங்கிவிட்டுக் குழிக்குள் குனிந்தார், நெடுநேரம் நிமிரவில்லை.

பிறகு அந்த வெள்ளைப் பந்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். ஒரே அடியில் குழி! அந்தத் திடலில் அதுவரை எவரும் செய்திராத காரியம்.

“நல்லாத்தான் ஆடுனீங்க. பத்திரத்த அப்புறம் பாப்போம்.”

அவ்வளவுதான். அவர் திரும்பிப் பாராமல் நடந்து ஜீப்பில் ஏறினார். ஜீப்பு போடியை நோக்கி இறங்கியது.

ஏலச்செடிகளை விலக்கிக்கொண்டு சோலையம்மாள் ஓடிவந்தாள். அவள் முகமெல்லாம் பூரிப்பு. அவள் கை நீட்டிய திசையில், பனி விலகத் தொடங்கியிருந்த கரும்பாறையின்மீது நனைந்த சாக்குகள் நான்கைந்து தொங்கின.

“தெனமும் இந்தப் பாறைதானப்பு ஒம் பந்தத் திருப்பி வெரட்டுச்சு? அதான் வெள்ளனவே வந்து சாக்க நனச்சுப் போத்திவிட்டேன். பந்து அதுல பொத்துன்னு விழுந்து, மெல்ல உருண்டு, நேரா குழிக்குள்ள போயிருச்சு. யார்ட்டயும் சொல்லிறாத.”

ஜீப்பு மறைந்த வளைவிலிருந்து லிங்கேஸ்வரன் கண்ணை எடுக்கவில்லை. அப்போது முற்பகல் மணி சரியாகப் பதினொன்று இருபத்தேழு.

“ஆத்தா, தோக்குறதுக்குத்தான் நான் ரெண்டு மாசமாப் பழகுனேன்.”